வெயிலும் காற்றும் அணைக்கு உதவட்டும். மதகுச் சாவி மட்டும் கை மாறக் கூடாது

ஆடி மாதத்தில் தேனி - ஆண்டிபட்டி சாலையில் போனவர்களுக்குத் தெரியும். பஸ் ஜன்னலைத் திறந்துவைக்க முடியாத அளவுக்குக் காற்று அடிக்கும். வாழைக்கு முட்டுக் கொடுத்த கம்பையும் சேர்த்துச் சாய்த்துவிட்டுப் போகும். அதே காற்றில், தூரத்தில் நிற்கும் காற்றாலைகளில் ஒன்றிரண்டு மட்டும் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு மாதிரி அசையாமல் நிற்கும். பழுதாகி நிற்பதும் உண்டு. ஆனால் காற்று நன்றாக வீசும் நாட்களில், வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லை என்று நிறுத்தி வைக்கப்படுவதும் தமிழகத்தில் பல ஆண்டுகளாக நடப்பதுதான்.

அன்று இரவு சோழவந்தான் பக்கம் ஒரு விவசாயி டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மோட்டார் போட வரப்பில் நடக்கிறார். அவர் பீடருக்கு மும்முனை மின்சாரம் அப்போதுதான் வருகிறது. பாம்பு, தேள், ஈரக் கையோடு தொடும் ஸ்டார்ட்டர் பெட்டி எல்லாம் அவருக்குப் பழகிப்போன பயங்கள்.

பகலில் மிச்சமாகும் மின்சாரமும் இரவில் அலையும் விவசாயியும் ஒரே மாநிலத்தில் இருக்கிறார்கள். இந்த இடைவெளியை அணைகளைக் கொண்டு நிரப்பலாம் என்ற பேச்சு இப்போது நிறையக் கேட்கிறது. அணையில் சூரியப் பலகை, பக்கத்தில் காற்றாலை, ஏற்கெனவே இருக்கும் நீர்மின் நிலையம் மூன்றையும் சேர்த்து இயக்குவது என்கிறார்கள். வெயிலும் வறட்சியும் மிகுந்த பகுதிகளுக்கு ஏற்ற யோசனை என்றும் சொல்கிறார்கள். எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் நம்மிடம் விற்கப்படும் காரணம் ஒன்று, உண்மையான பயன் வேறொன்று. அதனால் வரக்கூடிய ஆபத்து விவசாயிக்குத்தான். பெரியாறு - வைகைப் பாசனத்தை வைத்தே இதைப் பார்க்கலாம். மேலே தண்ணீர், நடுவில் காற்று, வால்பகுதியான ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதியின் 648 மெகாவாட் சூரியப் பூங்கா என மூன்றும் ஒரே பாசன வரிசையில் இருப்பது இங்கேதான்.

முதலில் விற்கப்படும் காரணத்தைப் பார்ப்போம். அணைத் தண்ணீர் மேல் சூரியப் பலகைகளை மிதக்கவிட்டால் ஆவியாதல் குறையும், பாசனத்துக்குத் தண்ணீர் மிச்சமாகும் என்கிறார்கள். கணக்குப் போடுவோம். நம் பக்கத்து வெயிலுக்குத் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உயரத் தண்ணீர் ஆவியாகிறது. பலகை மூடிய இடத்தில் அதில் பாதி மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 ஹெக்டேருக்கு 1 கோடி லிட்டர். இரண்டு ஏக்கர் நெல்லுக்கு ஆகும் தண்ணீர் அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 100 ஹெக்டேரை மூடினாலும் மிச்சமாவது சுமார் 35 மில்லியன் கனஅடிதான். வைகை அணையிலிருந்து இருபோகத்துக்கு வினாடிக்கு 900 கனஅடி திறந்தால் ஒரு நாளைக்கு 78 மில்லியன் கனஅடி போய்விடும். ஆக, ஓர் ஆண்டு முழுக்கப் பலகை போட்டு மிச்சம் பிடித்த தண்ணீர், ஆயக்கட்டுக்கு அரை நாளைக்குக் கூடத் தாங்காது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தெலங்கானாவில் ராமகுண்டத்தில் 100 மெகாவாட் மிதக்கும் சூரிய நிலையம் 2022 முதல் ஓடுகிறது. அது அனல்மின் நிலையத்தின் நீர்த்தேக்கம். நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்காது. வைகை அணை அப்படியா? மூன்றாம் எச்சரிக்கையும் விட்டு 71 அடி வரை நிரம்புகிற ஆண்டும் உண்டு. 30 அடிக்கும் கீழே இறங்கிச் சேறு தெரிகிற ஆண்டும் உண்டு. மிதவைகள் சேற்றில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்குவதில்லை. அணையில் மீன்பிடித்துப் பிழைப்பவர்களின் வலைகள் எங்கே போகும் என்ற கேள்வியும் இருக்கிறது. மிதக்கும் பலகை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக நாம் தலையாட்டக் கூடாது.

கால்வாய் மேல் பலகை போடுவதும் இப்படித்தான். குஜராத்தில் 2012-இல் நர்மதைக் கிளைக் கால்வாய் ஒன்றின் மேல் 1 மெகாவாட்டுக்குப் போட்டார்கள். நல்ல முயற்சி. ஆனால் நம் கால்வாய்களில் தூர்வார ஜேசிபி இறங்க வேண்டும். மேலே இரும்புச் சட்டமும் கண்ணாடியும் இருந்தால் எப்படி இறங்கும்? தூர்வாராத கால்வாயில் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்பதைக் கடைமடைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உண்மையான பயன் நேரத்தில்தான் இருக்கிறது. சூரிய மின்சாரம் நண்பகலில் உச்சத்தில் இருக்கும். மாலை ஆறு மணிக்கு இல்லாமல் போகும். காற்று மே முதல் செப்டம்பர் வரை நன்றாக வீசும். ஐப்பசி, கார்த்திகையில் அடங்கிவிடும். அந்த அடைமழைக் காலத்தில் வெயிலும் பாதிதான். இரண்டுக்கும் மனிதன் சொல்லும் நேரம் தெரியாது. சொன்ன நேரத்துக்கு, சில நிமிடங்களில் ஓடத் தொடங்கி, வேண்டாம் என்றால் நிற்பது நீர்மின்சாரம். விளக்கும் மிக்சியும் டிவியும் ஒன்றாக ஓடும் மாலை ஆறிலிருந்து பத்து மணி வரைதான் மின் வாரியத்துக்குத் தலைவலி. பகலில் வெயிலுக்கு வழிவிட்டுத் தண்ணீரைப் பிடித்துவைத்து, மாலையில் விட்டால் அந்தத் தலைவலி குறையும். ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடுதலாகச் செலவாகாது.

இதற்குப் பலகையும் காற்றாலையும் அணைக்கட்டின் மேலேயே நிற்க வேண்டும் என்பதில்லை. கமுதியில் விழும் வெயிலும் ஆண்டிபட்டியில் வீசும் காற்றும் லோயர்கேம்ப் விசையாழியும் ஒரே மின்கம்பித் தொகுப்பில்தான் சேர்கின்றன. சேர்த்து இயக்கும் முடிவு மட்டும்தான் பாக்கி.

பெரியாறு அணைத் தண்ணீர் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வந்து, நான்கு ராட்சதக் குழாய்களில் மலையடிவாரத்துக்கு இறங்குகிறது. லோயர்கேம்பில் தலா 42 மெகாவாட் கொண்ட நான்கு ஜெனரேட்டர்கள். மொத்தம் 168 மெகாவாட். வினாடிக்கு 100 கனஅடி விட்டால் ஏறக்குறைய 9 மெகாவாட் கிடைக்கும். அதே தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து வைகை அணைக்கு வருகிறது. அங்கேயும் ஒரு மின் நிலையம் உண்டு; ஆனால் மொத்தமே 6 மெகாவாட்தான். 900 கனஅடி தண்ணீர் மலையிறங்கும்போது 80 மெகாவாட் தருகிறது. வைகை மதகில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தராது. ஆகவே மின்சாரத்துக்கான நேரக் கணக்கை லோயர்கேம்பில் வைத்துக்கொள்ள வேண்டும். வைகை மதகில் கை வைக்கவே தேவையில்லை.

இந்த அமைப்பின் அருமை இங்கேதான். மேலே மணிக்கு மணி கூட்டிக் குறைத்து விட்டாலும், கீழே வைகை அணை எல்லாவற்றையும் வாங்கித் தேக்கிவிடும். நிலக்கோட்டை, வாடிப்பட்டி, மதுரை வடக்கு வட்டங்களில் இருபோகம் செய்யும் 45,041 ஏக்கருக்கு அந்த ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது. பெரிய மழையில் 1,000 கனஅடிக்கு மேல் வைகைக்கு வந்துகொண்டிருக்கும் நாட்களில், நண்பகலில் குறைத்து மாலையில் கூட்டுவதால் மதுரை விவசாயிக்கு இழப்பு எதுவுமில்லை. பெரியாறு அணையில் 142 அடி வரைதான் தேக்கலாம் என்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. எனவே நாள் கணக்கில் மேலே பிடித்துவைக்க முடியாது. மழை நேரத்தில் பிடிக்கவும் கூடாது. ஆனால் சில மணி நேரத் தள்ளிவைப்பு அணை மட்டத்தில் அங்குலக் கணக்குக்குக்கூட வராது.

அப்படியானால் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு.

லோயர்கேம்பிலிருந்து வைகை அணை வரை ஆற்றிலேயே தண்ணீர் எடுக்கும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது. முதல் போகத்துக்கு வழக்கமாகப் பாசனத்துக்கு 200 கனஅடி, குடிநீருக்கு 100 கனஅடி, ஆக 300 கனஅடி திறக்கிறார்கள். நாள் முழுக்க ஒரே சீராக வந்தால் அது 27 மெகாவாட். இதையே மாலை நான்கு மணி நேரம் 900 கனஅடியாகவும், மீதி இருபது மணி நேரம் 180 கனஅடியாகவும் விட்டால் ஒரு நாளுக்கான மொத்தத் தண்ணீர் மாறாது. ஆனால் மாலையில் 80 மெகாவாட் கிடைக்கும். மின் பொறியாளருக்கு இது இனிப்பான கணக்கு. கூடலூர், கம்பம், சின்னமனூர் விவசாயிக்கோ, பகல் முழுக்க ஆற்றில் 180 கனஅடிதான். தலைமதகில் மட்டம் இறங்கினால் வாய்க்காலில் தண்ணீர் ஏறாது. நடவு நேரத்தில் பகலில் தண்ணீர் இல்லை, நள்ளிரவில் ஆறு நிரம்ப ஓடுகிறது என்றால் அது யாருக்குப் பயன்? திடீரென்று வெள்ளம் கூடுவது ஆற்றில் குளிப்பவர்களுக்கும் ஆடு மாடு இறக்குபவர்களுக்கும் ஆபத்து.

இதற்குத் தீர்வு, லோயர்கேம்புக்குக் கீழே ஒரு சமநிலைக் குளம். மாலையில் கூடுதலாக வரும் 600 கனஅடியை நான்கு மணி நேரம் பிடித்துவைத்து, மறுநாள் முழுக்கச் சீராக விடுவதற்கு ஓர் இடம். அதற்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும்? 600 கனஅடி வீதம் நான்கு மணி நேரத்துக்கு 86.4 லட்சம் கனஅடி. பத்து அடி ஆழம் என்றால் 20 ஏக்கர். சின்ன ஊர்க் கண்மாய் அளவுதான். ஆற்றின் வழியில் உள்ள சிறு புனல் மின் நிலையங்களின் தடுப்பணைகளில் கொஞ்சம் தண்ணீர் தேங்கும் என்பது உண்மை. ஆனால் அவை இந்த வேலைக்காகக் கட்டப்பட்டவை அல்ல. கம்பம் பள்ளத்தாக்கில் 20 ஏக்கர் சும்மா கிடைக்காது என்பதும் தெரியும். நஞ்சையை எடுத்துக் குளம் வெட்டச் சொல்லவில்லை. புறம்போக்கில் இடம் தேட வேண்டும், ஒரே இடத்தில் இல்லாவிட்டால் இரண்டாகப் பிரிக்கலாம். குளம் தயாராகும் வரை, பாசனக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் 300 கனஅடிக்குக் கீழே ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது. அதற்கு மேல் வரும் தண்ணீரில் மட்டும் நேரம் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தக் குளத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. கோடையில் குடிநீருக்கு மட்டும் 100 கனஅடி விடும் நாட்களில் விசையாழியைச் சுழற்ற அது போதாது. தண்ணீர் இரைச்சல்பாலம் வழியாகச் சும்மா இறங்கி ஓடுகிறது; 168 மெகாவாட் நிலையம் பூட்டிக் கிடக்கிறது. கீழே குளம் இருந்தால், அதே தண்ணீரை மாலை நான்கு மணி நேரத்துக்கு 600 கனஅடியாக விட்டு, குளத்திலிருந்து 100 கனஅடியாகப் பிரித்து விடலாம். இன்று ஒரு யூனிட்டும் தராத தண்ணீர், நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லட்சம் யூனிட் தரும். 5 எச்.பி. மோட்டார் ஆறு மணி நேரம் ஓட சுமார் 24 யூனிட் ஆகும் என்று வைத்தால், 9,000 மோட்டாருக்குக் கொஞ்சம் குறைவு. சித்திரை, வைகாசியில் பகல் முழுக்க வெயில் கொளுத்தும், மாலையில்தான் குறை. அந்தக் குறையை நிரப்புவது இந்தக் குடிநீர்த் தண்ணீராகவே இருக்கும்.

இயற்கை இப்படிப் படிக்கட்டு மாதிரி அணைகளை அமைத்துக் கொடுக்காத ஊர்களில் வேறு வழி தேடுகிறார்கள். நம் காடம்பாறையில் 1980-களின் இறுதியிலேயே அது வந்துவிட்டது. மின்சாரம் மிச்சமாகும்போது மேல் ஆழியாறு அணைத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு மேலேற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். 100 யூனிட் செலவழித்து ஏற்றினால் 75, 80 யூனிட்தான் திரும்ப வரும். ஆனால் வீணாகப்போகும் காற்றாலை மின்சாரத்தில் ஏற்றினால் அதுவும் லாபமே. ஆந்திராவில் ராயலசீமையின் வறண்ட பகுதியில், பின்னாபுரத்தில் 1,680 மெகாவாட்டுக்கு இப்படி ஒரு நிலையத்தைச் சூரிய மின்சாரம், காற்றாலையோடு சேர்த்தே திட்டமிட்டார்கள். 2022-இல் அடிக்கல் நாட்டினார்கள். கோரகல்லு பாசன நீர்த்தேக்கத்திலிருந்து ஒரு முறை தண்ணீர் எடுத்து நிரப்பிவிட்டு, அதையே மேலும் கீழுமாகச் சுழற்றுவது. பிறகு ஆவியாகும் அளவுக்கு மட்டும் ஈடு செய்வது. ஆற்றோட்டத்தில் கை வைக்காததால் விவசாயிக்கு ஓரளவு பாதுகாப்பான முறை இது. ஆனாலும் அந்த முதல் நிரப்பை எந்த மாதத்தில் எடுக்கிறார்கள் என்று அங்கே உள்ள ஆயக்கட்டுதாரர் கேட்டுத்தான் ஆக வேண்டும். வெள்ளம் போகும் மாதம் வேறு, நாற்று கருகும் மாதம் வேறு.

மின்சாரத்துக்கு மாலை நேரத் தண்ணீரின் மதிப்பு கூடக் கூட, மதகைத் திறக்கும் அதிகாரத்தின் மீதும் கண் விழும். இன்று எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதைப் பாசனத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். மின்சாரம் அதன் பின்னால் வருகிறது. நாளைக்குச் சூரியப் பலகை போட்ட ஒரு தனியார் நிறுவனத்தோடு, மாலையில் இத்தனை மெகாவாட் தந்தே தீருவோம் என்று 25 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டால் என்ன ஆகும்? வறட்சி ஆண்டில் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீரைச் சேமிக்க வேண்டிய நேரத்தில், ஒப்பந்தப்படி இன்றே விடு என்பார்கள். அதனால் எந்த ஒப்பந்தத்திலும் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும்: ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் என்பதை நீர்வளத்துறை பயிரையும் குடிநீரையும் பார்த்து முடிவு செய்யும், அந்த நாளுக்குள் எந்த மணிக்கு என்பதை மட்டும் மின் வாரியம் கேட்கலாம். வாய்மொழியில் சொல்வதை நம்பிப் பயனில்லை. அரசாணையில் இருக்க வேண்டும். பாசன சங்கத்துக்கு நகல் வேண்டும்.

இரண்டாவது, இந்த ஏற்பாட்டில் விவசாயிக்கு என்ன கிடைக்கிறது? பகலில் சூரிய மின்சாரம் வந்து, மாலையைத் தண்ணீர் தாங்கிவிட்டால், விவசாய பீடர்களை இரவுக்குத் தள்ள வேண்டிய அவசியம் குறைகிறது. அதைச் சும்மா குறையும் என்று விடாமல், பெரியாறு - வைகை ஆயக்கட்டுக் கிணறுகளுக்கு மும்முனை மின்சாரம் முழுக்கப் பகலில் என்று எழுதி வாங்க வேண்டும். 2019-இல் வந்த பிஎம்-குசும் திட்டத்தில் விவசாய பீடரையே சூரிய மின்சாரத்துக்கு மாற்றவும், துணைமின் நிலையம் அருகே தரிசு நிலத்தில் விவசாயிகளே 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை அமைக்கவும் இடம் இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதைக் கையில் எடுக்கலாம். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு: பகல் முழுக்கக் கரண்ட் இருக்கிறதே என்று மோட்டாரை ஓடவிட்டால், அணையில் மிச்சம் பிடித்ததை நிலத்தடியில் தொலைத்துவிடுவோம். இதை விவசாயிகளிடம் சொல்ல வேண்டிய வேலை வேளாண்மைத் துறைக் களப்பணியாளர்களுடையது. ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டு வீட்டில் தூங்குகிறவர்களிடமிருந்து தொடங்கலாம்.

மூன்றாவதாக, கம்பி. புதிய காற்றாலை, சூரியப் பூங்கா என்றால் வயலுக்குள் உயர்மின் கோபுரம் வந்துவிடும் என்பதைக் கொங்குப் பகுதி விவசாயிகள் அனுபவித்திருக்கிறார்கள். லோயர்கேம்ப் போன்ற நீர்மின் நிலையங்களிலிருந்து புறப்படும் கம்பிகள் ஆண்டில் பல மாதங்கள் சும்மா கிடக்கின்றன. புதிதாக வருவதை முதலில் அந்தக் கம்பிகளில் ஏற்றட்டும். அது நிரம்பிய பிறகு புதுக் கோபுரத்தைப் பற்றிப் பேசலாம்.

தேனி, மதுரை மாவட்ட விவசாயிகள் அடுத்த குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு மனு கொண்டுபோகலாம். கடந்த ஓர் ஆண்டில் லோயர்கேம்பில் மணிக்கு எத்தனை கனஅடி திறக்கப்பட்டது, எத்தனை மெகாவாட் எடுக்கப்பட்டது, எத்தனை நாள் மின் உற்பத்தி இல்லாமல் இரைச்சல்பாலம் வழியாகத் தண்ணீர் போனது என்ற மூன்று பட்டியல்களைக் கேளுங்கள். தினசரி பத்திரிகையில் வருவது ஒரு நாளைக்கு ஒரு எண்தான். மணிக் கணக்கு வேண்டும். குளம் எத்தனை ஏக்கர் என்று நான் மேலே போட்ட கணக்கு சரியா, பெரிதாக்க வேண்டுமா என்பது அந்தப் பட்டியல் கைக்கு வந்தால் தெரிந்துவிடும்.